அத்தியாயம் 7: நாலு பிக்சலை ஒன்றாக்குவது எப்போது?

பிப்ரவரி நடுவில் டெங்கிலில் ஒரு தெளிந்த இரவு வாய்த்தால் இரண்டு பெரிய நெபுலாக்களை அந்த ஒரே இரவில் எடுத்துவிடலாம். இரவு ஒன்பது மணிக்கு ஓரையன் நெபுலா ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அதை முடித்துக்கொண்டு இரண்டு மணிவரை விழித்திருந்தால், அகத்தியர் நட்சத்திரம் இருக்கும் அதே கரீனா மண்டலத்தில் எட்டா கரீனா நெபுலா தெற்கே தன் உச்சத்துக்கு வரும். தொலைநோக்கி ஒன்று, கேமரா ஒன்று, கூரையும் ஒன்று. அப்படியிருந்தும் இந்த இரண்டுக்கும் பின்னிங் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதையே இந்த அத்தியாயத்தில் சொல்கிறேன். உங்கள் தொலைநோக்கியும் கேமராவும் வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

அக்காள் மகன் ஒருநாள் வந்து கேட்டான்: "மாமா, என் போன் 200 மெகாபிக்சல்னுதானே பெட்டியில போட்டிருக்கு? எடுத்த படத்தைப் பார்த்தா 12.5தான் இருக்கு." போன் குறைத்து எதையும் கொடுக்கவில்லை. பதினாறு பிக்சலை ஒரு குழுவாகச் சேர்த்து ஒரே பிக்சலாகத் தருகிறது. 200ஐ 16ஆல் வகுத்தால் 12.5. இப்படிக் குழுவாகச் சேர்த்து ஒரு பெரிய பிக்சலைப்போல நடத்துவதுதான் பின்னிங். வானப் படக் கேமராவின் மென்பொருளில் இது 1×1, 2×2, 3×3, 4×4 என்று ஒரு சிறு பட்டியலாக வரும். 2×2 போட்டால் நாலு பிக்சல் ஒன்றாகும். படத்தின் அகலமும் உயரமும் பாதியாகும். கோப்பு கால்வாசியாகச் சுருங்கும். திரையில் படம் சட்டென்று பளிச்சென்று தெரிவதால் புதிதாக வருபவர்கள் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். பளிச்சென்று தெரிவதும் நல்ல படம் வருவதும் வேறு வேறு.

மங்குக் கணக்கு

என் பாட்டி பிராங் பெசார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மரத்துக்கு மரம் மங்கு கட்டியிருக்கும். வெட்டி முடித்தபின் ஒவ்வொரு மங்கிலும் இறங்கிய பாலை வாளியில் ஊற்றிச் சேர்த்து, வாளியை ஸ்டோருக்குத் தூக்கிப்போய் நிறுத்துவார்கள். தராசில் கொஞ்சம் பிசகு இருந்தால் அந்தப் பிசகு வாளிக்கு ஒருமுறைதான். மங்கு மங்காக எடுத்துப்போய்த் தனித்தனியே நிறுத்து, பிறகு தாளில் கூட்டியிருந்தால் அதே பிசகு மங்குக்கு ஒருமுறை வந்து சேரும்.

பழைய சிசிடி கேமரா வாளிக்காரர். சிப்பின் உள்ளேயே நாலு பிக்சலின் எலெக்ட்ரான்களையும் ஒன்றாக ஊற்றி ஒரே ஒருமுறை அளக்கும். அளக்கும்போது வரும் பிசகைத்தான் வாசிப்பு இரைச்சல் என்கிறோம். இன்று கடையில் கிடைக்கும் சிமோஸ் கேமரா மங்குக்காரர். ஒவ்வொரு பிக்சலும் தன் எலெக்ட்ரானைத் தானே அளந்துவிடும். கூட்டல் அதற்குப் பிறகு நடக்கிறது. கேமராவுக்குள் நடந்தாலும் சரி, வீட்டுக்கு வந்து கணினியில் செய்தாலும் சரி, பலன் ஒன்றுதான். இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஒரு எக்ஸ்போஷரில் ஒவ்வொரு பிக்சலிலும் வானத்தின் ஒளியால் 30 எலெக்ட்ரான் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பிக்சலுக்கு 120. ஒளி தானாகவே கொண்டுவரும் இரைச்சலின் வர்க்கமும் அதே 120தான். கோடாக் கேஏஎஃப் 8300 போன்ற பழைய சிசிடியின் வாசிப்பு இரைச்சல் 8 எலெக்ட்ரான் அளவில் இருக்கும். அதன் வர்க்கம் 64. வாளியாகச் சேர்த்தால் மொத்த இரைச்சல் 120+64இன் வர்க்கமூலம், 13.6. அதே சிப்பில் தனித்தனியே அளந்து கூட்டினால் 120+256இன் வர்க்கமூலம், 19.4. நாற்பது சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். அதனால்தான் சிசிடி காலத்து நூல்கள் எல்லாம் ஒரே வாய்பாட்டைச் சொல்லின: ஒளிர்வுப் படத்தை 1×1இல் எடு, சிவப்பு, பச்சை, நீலத்தை 2×2இல் எடு. அன்றைக்கு அது சரியான அறிவுரை.

இன்றைய சோனி ஐஎம்எக்ஸ் 571 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இசட்டபிள்யூஓ 2600 வரிசைக் கேமராக்களில் இருப்பது இதுதான். கெயின் (மின்பெருக்கம்) 100இல் வாசிப்பு இரைச்சல் 1.5 எலெக்ட்ரான் அளவு, வர்க்கம் 2.25. தனித்தனியே அளந்து கூட்டினால் 120+9இன் வர்க்கமூலம், 11.4. வாளி முறை இந்தச் சிப்புக்கு இருந்திருந்தால்கூட 11.1தான் வந்திருக்கும். மூன்று சதவீதத்துக்குள் வித்தியாசம். தராசின் பிசகு அந்த அளவுக்குச் சிறுத்துவிட்டது. சிசிடி உற்பத்தியை நிறுத்தப்போவதாக சோனி 2015இல் அறிவித்தது. வாய்பாடு மட்டும் நூலுக்கு நூல் இன்னும் பயணம் செய்துகொண்டிருக்கிறது. சிமோஸ் கேமராவை வைத்துக்கொண்டு நிறங்களை 2×2இல் எடுப்பவர் நுண்மையைக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக ஏதும் பெறுவதில்லை.

டெங்கில் வானம் என்ன சொல்கிறது

பாட்டி சொல்வார், பிராங் பெசாரில் விடியற்காலை பெரட்டுக்குப் போகும்போது தலைக்கு மேல் பால் சிந்தியதுபோல வானம் கிடக்கும் என்று. அந்தத் தோட்டத்து மண்ணில்தான் 1990களில் புத்ராஜெயா எழுந்தது. பிராங் பெசார், கேலவே உள்ளிட்ட நாலு தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. இன்று டெங்கிலில் நின்று வடக்கே பார்த்தால் புத்ராஜெயாவும் சைபர்ஜெயாவும் ஒரு வெளிச்சக் கூடாரம்போலத் தெரியும். அதன் பின்னால் கோலாலம்பூர். கிழக்கே பாங்கியும் காஜாங்கும். தெற்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் கேஎல்ஐஏ விமான நிலையம். மேற்கே பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டங்கள் இருப்பதால் அந்தத் திசைதான் ஓரளவுக்கு இருட்டு.

இந்த வெளிச்சம் நமக்குச் செய்யும் கேடு பெரிது. ஆனால் பின்னிங் கேள்வியில் அதுவே பதிலை எளிதாக்குகிறது. வானம் இத்தனை பளிச்சென்று இருக்கும்போது ஒரு நிமிட எக்ஸ்போஷரிலேயே வான ஒளியின் இரைச்சல் வாசிப்பு இரைச்சலை மூழ்கடித்துவிடும். மூழ்கிப்போன ஒன்றைக் குறைப்பதற்காகப் பின்னிங் போட வேண்டியதில்லை. சாதாரண நிறப் படத்துக்கு, சிமோஸ் கேமராவுக்கு, டெங்கிலுக்கு என் விடை இது: படம் எடுக்கும்போது 1×1. சேர்ப்பது தேவையென்றால் வீட்டில், எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முடித்தபின்.

ஹைட்ரஜன் ஆல்ஃபா போன்ற குறுகிய பட்டை வடிகட்டி போட்டால் நிலைமை சற்று மாறும். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி பால்கனியிலோ கிள்ளானிலோ இருப்பவர்களுக்கு அதுதான் ஒரே வழி. அப்போது வான ஒளி பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். ஒரு நிமிடத்தில் பிக்சலுக்கு 2 எலெக்ட்ரான்தான் விழுகிறது என்று கொள்வோம். நாலு பிக்சலுக்கு 8. தனித்தனி அளவையின் பிசகு 9. வாசிப்பு இரைச்சல் வான ஒளியையே மிஞ்சிவிடுகிறது. இந்த இடத்தில் பலர் 2×2 போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். சிமோஸில் அது தப்பிக்கும் வழி ஆகாது. 9 அப்படியே இருக்கும். எக்ஸ்போஷரை ஐந்து நிமிடமாக்குங்கள். 8 என்பது 40 ஆகும், 9 அப்படியே 9. சிக்கல் பெருமளவு தணியும். எளிய அளவுகோல் ஒன்று: ஒரு எக்ஸ்போஷரில் விழும் வான ஒளி, எலெக்ட்ரான் கணக்கில், வாசிப்பு இரைச்சலின் வர்க்கத்தைப்போல் பத்து மடங்காவது இருக்கட்டும். 1.5க்கு அது 22 எலெக்ட்ரானைத் தாண்டினால் போதும். பழைய சிசிடியின் 8க்கு 640 வேண்டும். வாளி முறை ஏன் அவர்களுக்கு உயிர்நாடியாக இருந்தது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

குவியத்தூரம், காற்று, உயரம்

இரைச்சல் கணக்கு முடிந்தது. இனி நுண்மைக் கணக்கு. பின்னிங்கை உண்மையில் முடிவு செய்வது இதுதான்.

பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206ஆல் பெருக்கி, தொலைநோக்கியின் குவியத்தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை வில்விநாடியை மூடுகிறது என்பது வரும். ஐஎம்எக்ஸ் 571இன் பிக்சல் 3.76 மைக்ரான். 250 மில்லிமீட்டர் சிறு தொலைநோக்கியில் அது 3.1 வில்விநாடி. 480இல் 1.6. 200 மில்லிமீட்டர் விட்டமும் எஃப் 5உம் கொண்ட நியூட்டன் வகையில், அதாவது 1000 மில்லிமீட்டரில், 0.78. எட்டு அங்குல ஷ்மிட் கேசக்ரேனில் 2032 மில்லிமீட்டருக்கு 0.38.

மறுபக்கம் காற்று. நட்சத்திரம் ஒரு புள்ளி என்றாலும் காற்றின் நடுக்கத்தால் படத்தில் ஒரு சிறு வட்டமாகிவிடும். அந்த வட்டத்தின் அகலத்தை வில்விநாடியில் அளப்பதைச் சீயிங் என்பார்கள். அந்த அகலத்தில் இரண்டிலிருந்து மூன்று பிக்சல் விழுந்தால் போதும். அதற்குக் குறைந்தால் நட்சத்திரங்கள் சதுரம் சதுரமாகத் தெரியும். அதற்கு மிஞ்சினால் காற்று ஏற்கெனவே கலைத்துவிட்ட ஒன்றை நுணுக்கி நுணுக்கிப் படம்பிடிப்பதாகும். கோப்பு பெருப்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

250 மில்லிமீட்டர் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் பின்னிங் பட்டியலையே மறந்துவிடலாம். இப்போது பலர் வாங்கும் சீஸ்டார் எஸ் 50 போன்ற தானியங்கித் தொலைநோக்கியும் அந்தக் குவியத்தூரந்தான். அதன் சிறிய பிக்சல்கூட ஏற்கெனவே 2.4 வில்விநாடியை மூடுகிறது. அவர்களுக்குத் தேவை சேர்ப்பதற்கு நேர் எதிரானது: ஒவ்வொரு படத்துக்கும் தொலைநோக்கியைச் சற்று நகர்த்தி, நூறு படங்களுக்கு மேல் சேர்த்து, டிரிசில் முறையில் அடுக்குவது. 480 மில்லிமீட்டர்க்காரர்களுக்கும் 1×1தான். எட்டு அங்குல ஷ்மிட் கேசக்ரேனுக்கு 0.38 மிகவும் நுணுக்கம், 2×2இல் 0.76, 3×3இல் 1.15. காற்று அதிகம் நடுங்கும் இரவில் 3×3கூட எதையும் இழக்காது.

இடையில் நிற்பது 1000 மில்லிமீட்டர் நியூட்டன். அந்தப் பிப்ரவரி இரவுக்கு அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். காரணம், விடை பொருளுக்குப் பொருள் மாறும் இடம் அதுதான்.

டெங்கில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகைக்கும் சற்றுக் குறைவு. ஓரையன் நெபுலா உச்சத்தில் 82 பாகை உயரத்தில் நிற்கும். அதன் ஒளி நம்மிடம் வரும்போது கடக்கும் காற்று மிகக் குறைவு. எட்டா கரீனா உச்சத்திலேயே 27 பாகைதான் ஏறும். அந்தச் சாய்வில் ஒளி கடக்கும் காற்றின் தடிமன் தலைக்கு மேல் உள்ளதைவிட இரண்டு மடங்குக்கு மேல். தடிமன் கூடும்போது நட்சத்திர வட்டமும் விரியும். இரண்டு மடங்குக்குச் சற்று மேற்பட்ட தடிமனுக்கு ஏறக்குறைய 1.6 மடங்கு. ஆக, தலைக்கு மேல் சீயிங் 2 வில்விநாடி என்று வைத்துக்கொண்டால், அதே நேரத்தில் எட்டா கரீனா பக்கம் அது 3.2.

இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரையனுக்கு 2 வில்விநாடி வட்டம், 0.78 வில்விநாடி பிக்சல்: வட்டத்துக்குள் இரண்டரை பிக்சல். கச்சிதம். 2×2 போட்டால் ஒன்றே கால் பிக்சல்தான் விழும். டிரப்பீசியம் என்கிற நாலு நட்சத்திரக் கூட்டம் சதுரம் சதுரமாகத் தெரியும். எட்டா கரீனாவுக்கு 3.2 வட்டம்: 1×1இல் நாலு பிக்சலுக்கு மேல், 2×2இல் 1.55 வில்விநாடிப் பிக்சலோடு இரண்டுக்குச் சற்று மேல். சேர்த்துவிடலாம், எதுவும் போகாது. தென்வானத்துச் செல்வங்கள் நமக்கு அருகில் இருக்கின்றன என்று நாம் பெருமைப்படுகிறோம், அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் ஒமேகா சென்டாரி 40 பாகைக்கு மேல் ஏறாது, பெரிய மெகல்லன் மேகம் 17ஐத் தாண்டாது. வெளிநாட்டு நூல்கள் தலைக்கு மேல் நிற்கும் பொருளுக்குச் சொல்லும் எண்ணை அப்படியே இவற்றுக்குப் போடக் கூடாது. தனுசில் உள்ள லகூன் நெபுலா 63 பாகைவரை ஏறும். அது ஓரையன் கணக்கில்தான் சேரும்.

உங்கள் இடத்தின் சீயிங் என்ன என்று யாரையும் கேட்க வேண்டாம். 1×1இல் ஒரு நிமிடப் படம் பத்து எடுங்கள். மென்பொருளில் நட்சத்திரத்தின் அரை உயர அகலத்தைப் பிக்சலில் காட்டும் அளவு இருக்கும். அது 4ஐத் தாண்டினால் அந்த இரவில், அந்த உயரத்தில், 2×2க்கு இடமுண்டு. 3க்குக் கீழே நின்றால் கிடையாது. இடையில் இருந்தால் இன்னொரு சோதனை: அடுக்கிய படத்தை 50 சதவீதமாகச் சுருக்குங்கள், பிறகு மறுபடி 200 சதவீதமாகப் பெருக்குங்கள், மூலப் படத்தோடு மாற்றி மாற்றிக் காட்டிப் பாருங்கள். கண்ணுக்கு எதுவும் மாறவில்லை என்றால் அந்தப் படம் முதலிலேயே பாதி அளவுக்கான தகவலைத்தான் வைத்திருந்தது. நான் இந்தச் சோதனையை ஒமேகா சென்டாரி படத்தில் முதன்முதலில் செய்தபோது, கொத்தின் நடுவில் தனித்தனியாக நிற்பதாக நான் நம்பியிருந்த நட்சத்திரங்கள் சுருக்கிப் பெருக்கியபின்னும் அப்படியே நின்றன. பல மாதங்கள் நாலு மடங்கு கோப்பைச் சுமந்திருக்கிறேன் என்று அன்றுதான் விளங்கியது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. நட்சத்திரம் நீள்வட்டமாக இருந்தால் பின்னிங் அதைச் சரிசெய்யாது. அது பெரும்பாலும் தொலைநோக்கியைத் தூக்கி நிற்கும் தாங்கியின் குற்றம். இங்கே துருவ நட்சத்திரம் 3 பாகை அளவே எழுந்து புத்ராஜெயா வெளிச்சத்துக்குள் மறைந்துகிடப்பதால், அதைப் பார்த்துத் துருவ அச்சைப் பொருத்துவது நடவாது. வேறு நட்சத்திரங்களைப் படமெடுத்து மென்பொருளால் அச்சைக் கண்டுபிடிக்கும் முறையை ஐந்தாம் அத்தியாயத்தில் சொல்லியிருக்கிறேன். அதை முடித்துவிட்டு இங்கே வாருங்கள்.

நிறக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு

நிறக் கேமராவின் ஒவ்வொரு நாலு பிக்சல் சதுரத்திலும் ஒன்று சிவப்பு, இரண்டு பச்சை, ஒன்று நீலம். இந்த நாலையும் கண்மூடிச் சேர்த்தால் நிறம் அழிந்து சாம்பல் மிஞ்சும். கேமராவை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள் பல இதை அறிந்து, ஒரே நிறத்துப் பிக்சல்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்கின்றன. நிறம் பிழைக்கும், ஆனால் சேரும் பிக்சல்கள் ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி இருப்பதால் நுண்மை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே மங்கும். சில டிரைவர்களில் எது நடக்கிறது என்பது ஒரு சிறு தேர்வுப் பெட்டியைப் பொறுத்தது. அந்தப் பெட்டியைக் கவனிக்காமல் ஒரு முழு இரவு எட்டா கரீனாவை 2×2இல் எடுத்தேன். காலையில் திறந்தால், செந்நிறத்தில் பூத்திருக்க வேண்டிய நெபுலா அடுப்புச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அந்த ஆண்டு அதன்பின் மே மாதம்வரை தெற்கே தெளிவு கிடைக்கவில்லை.

ஆகவே நிறக் கேமராவுக்கு என் சொல் ஒன்றே: எப்போதும் 1×1. அளவைக் குறைக்க வேண்டுமானால் நிறம் பிரிக்கும் கட்டத்தில் சூப்பர் பிக்சல் முறையைத் தேர்ந்தெடுங்கள். அது ஒவ்வொரு நாலு பிக்சல் சதுரத்தையும் ஒரு நிறப் பிக்சலாக்கிவிடும். பின்னிங் செய்ய நினைத்தது, நிறம் கெடாமல் கிடைத்துவிடும்.

2×2 கட்டாயம் வேண்டிய இடங்கள்

சோனி ஐஎம்எக்ஸ் 492 சிப் கொண்ட கருப்பு வெள்ளைக் கேமரா வைத்திருந்தால் மேலே சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. அந்தச் சிப்பின் பிக்சல்கள் 2.3 மைக்ரான் சிறு துண்டுகளாக நாலு நாலாகக் கட்டப்பட்டவை. இயல்பாகவே சேர்ந்து 4.63 மைக்ரான் பிக்சலாக, 14 பிட் ஆழத்தோடு இயங்கும். ஒரு பிக்சல் 66,000 எலெக்ட்ரான் கொள்ளும். பிரித்துத் தனியே இயக்கினால் 12 பிட் ஆழமும், 14,000 அளவு கொள்ளளவுமாகச் சுருங்கும். கோப்போ நாலு மடங்காகும். மிகக் குறுகிய குவியத்தூரம் இல்லாதவரை அதைச் சேர்ந்த நிலையிலேயே விட்டுவிடுங்கள். பழைய சிசிடி வைத்திருப்பவர்கள் வாளி முறையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், குறுகிய பட்டை வடிகட்டியோடு குறிப்பாக.

இடத்தைக் கண்டுபிடிக்கவும் சட்டகம் அமைக்கவும் எடுக்கும் சிறு படங்களுக்கு 2×2, ஏன் 4×4கூட நல்லது. வேகமாக வரும், மென்பொருளும் நட்சத்திரங்களை எளிதில் அடையாளம் காணும். வழிநடத்தும் சிறு கேமராவுக்கும் 2×2 போடலாம்.

பிறகு, சேமிப்பு இடம். டெங்கில் வானில் விமானங்கள் ஓயாது. கேஎல்ஐஏவுக்கு இறங்குவதும் ஏறுவதுமாகப் படத்துக்குப் படம் கோடு விழும். மேகமும் அரை மணிக்கு ஒருமுறை வந்துபோகும். அதனால் நீண்ட எக்ஸ்போஷர் சிலவற்றைவிட ஒரு நிமிடப் படங்கள் பல என்பதே இங்கே தோது. கோடு விழுந்த பிக்சலை அடுக்கும்போது கணிதமே கழித்துவிடும். மூன்று மணி நேரத்துக்கு 180 படம். ஐஎம்எக்ஸ் 571இன் ஒரு படம் 1×1இல் 52 மெகாபைட். மொத்தம் ஒன்பதரை ஜிகாபைட்டுக்குள். 2×2இல் இரண்டரைக்குள் முடியும். சிறிய கணினிப் பெட்டியில் இயக்குபவர்கள் இடத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இடம் நிரம்பினால் மென்பொருள் இரவு இரண்டு மணிக்குச் சத்தமில்லாமல் நின்றுவிடும். அதற்காக முதலிலேயே 2×2க்குப் போவதைவிட ஒரு பென்டிரைவ் செருகுவதே மேல்.

2×2 போடுவதாக முடிவெடுத்தால், உங்கள் டிரைவர் நாலையும் கூட்டுகிறதா, சராசரி எடுக்கிறதா என்று அறிந்துகொள்ளுங்கள். வெள்ளைத்துணி போர்த்தி, ஃபிளாட் என்கிற சீரான வெளிச்சப் படத்தை ஒரே நேர அளவில் 1×1இல் ஒன்றும் 2×2இல் ஒன்றும் எடுங்கள். இரண்டாவதின் சராசரி மதிப்பு நாலு மடங்காக இருந்தால் கூட்டல். மாறாமல் இருந்தால் சராசரி. 16 பிட் கேமராவில் கூட்டல் நடந்தால், 65,535 என்கிற கூரையைப் பிக்சல் கால்வாசி நிரம்பும்போதே முட்டிவிடும். எட்டா நட்சத்திரமும் டிரப்பீசியமும் வெள்ளைத் திட்டுகளாகும். மூடி போட்டு எடுக்கும் டார்க்கும், ஃபிளாட்டும் படம் எடுத்த அதே பின்னிங், அதே கெயின், அதே வெப்பநிலையில் இருக்க வேண்டும். டார்க்குக்கு எக்ஸ்போஷர் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். 1×1 மட்டுமே பயன்படுத்துபவருக்கு ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரே ஒரு டார்க் தொகுப்பு ஆண்டு முழுக்கப் போதும். எல்லாவற்றையும் 1×1இல் எடுக்கச் சொல்வதில் எனக்கு மிகப் பிடித்த காரணம் இதுதான்.

அந்தப் பிப்ரவரி இரவு

எட்டு மணிக்கெல்லாம் தொலைநோக்கியை வெளியே வைத்துவிடுங்கள். கண்ணாடி இரவுக் காற்றின் வெப்பத்துக்கு வரட்டும். பனித்தடுப்புப் பட்டையை முதலிலேயே சூடாக்குங்கள், இந்த ஈரத்தில் பனி படிந்தபின் துடைத்துப் பயனில்லை. இரவிலும் 25 பாகை வெப்பம் நிற்கும் ஊரில் கூலரை மிகக் கீழே இழுக்காதீர்கள். 0 அல்லது −5 போதும்.

எட்டே முக்காலுக்கு 4×4இல் ஓர் ஐந்து விநாடிப் படம் எடுத்து ஓரையனைச் சட்டகத்துக்குள் கொண்டுவாருங்கள். பட்டியலைத் திறந்து 1×1க்கு மாற்றுங்கள். மாற்றியதைக் கோப்பின் அளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்: 52 மெகாபைட் வர வேண்டும். ஒரு நிமிடப் படங்கள் ஓடட்டும். இடையிடையே டிரப்பீசியத்துக்காக ஐந்து விநாடிப் படங்கள் முப்பது.

பதினொன்றரைக்கு ஓரையன் மேற்கே சாய்ந்துவிடும். ஓய்வெடுங்கள். ஒன்றரைக்குத் தெற்கே திரும்பி, கேஎல்ஐஏ வெளிச்சத்துக்கு மேலே எட்டா கரீனாவைப் பிடியுங்கள். அதையும் 1×1இலேயே எடுங்கள். குறுகிய பட்டை வடிகட்டி இருந்தால் அதைப் போட்டு ஐந்து நிமிடம். இல்லையென்றால் ஒரு நிமிடம். நட்சத்திர அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு பிக்சலைத் தாண்டியிருக்கும். அந்த எண்ணைக் கோப்புறையின் பெயரிலேயே எழுதிவிடுங்கள், நாளைக்கு அடுக்கி முடித்ததும் இதை மட்டும் பாதியாகச் சுருக்க வேண்டும் என்பது மறக்காமலிருக்க. ஓரையன் கோப்புறையைத் தொட வேண்டாம்.

நாலு மணிக்குத் தொலைநோக்கியின் மூடியைப் போட்டு, கூலரை அணைக்காமல், அதே கெயினில், படங்களை எடுத்த அதே எக்ஸ்போஷர் நேரத்தில், 1×1 டார்க் முப்பது ஓடவிடுங்கள். அது முடியும்வரை கம்பிகளைச் சுருட்டி வைக்கலாம்.